கடலோரக் கிணற்றில் நன்னீர்



பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளி மாணவர்களை அழைத்துக்கொண்டு கிளந்தான் மாநிலத்தின் பாச்சோக் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். பிள்ளைகள் கடலில் ஆடி முடித்து, உடம்பெல்லாம் உப்பும் மணலுமாக நின்றார்கள். அருகிலிருந்த கம்பத்தில் ஒரு மலாய் மூதாட்டி தம் வீட்டுக் கிணற்றைக் காட்டி, குளித்துக்கொள்ளச் சொன்னார். கிணறு அலையடிக்கும் இடத்திலிருந்து இருநூறு முந்நூறு அடிதான் இருக்கும். வாளியை விட்டு இறைத்தோம். தண்ணீர் தெளிவாக, சில்லென்று இருந்தது. வாயில் விட்டுப் பார்த்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எங்களிடம் ஓடி வந்தான்.

"சார், கடல் தண்ணி இவ்வளவு உப்பு. பக்கத்துலேயே இருக்கிற கிணத்துத் தண்ணி மட்டும் எப்படி சார் உப்பில்லாம இருக்கு? மணல் வடிகட்டிடுதா?"

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அவனே சொன்ன விடை சரியானதல்ல. மணல் குப்பையை வடிகட்டும், கலங்கலை வடிகட்டும். கரைந்த உப்பை வடிகட்டாது. சந்தேகமிருந்தால் ஒரு கோப்பை உப்புத் தண்ணீரை ஒரு வாளி மணலில் ஊற்றிப் பாருங்கள். தொடர்ந்து ஊற்றினால் கீழே வந்து சேருவதும் உப்புத் தண்ணீராகத்தான் இருக்கும். ஆகவே அந்தக் கிணற்றில் இருந்த தண்ணீர் கடலிலிருந்து வந்ததே அல்ல. அது வானத்திலிருந்து வந்தது. மழைதான் அந்த மணலுக்குள் இறங்கித் தங்கியிருந்தது.

அப்படியானால் அடுத்த கேள்வி எழுகிறது. மணலுக்குள் ஒரு பக்கம் மழைநீர், மறுபக்கம் கடல்நீர். நடுவில் சுவரும் இல்லை, கதவும் இல்லை. இரண்டும் ஏன் ஒன்றாகக் கலந்து போய்விடவில்லை? இன்றைய உரையில் நாம் பார்க்கப்போவது இதைத்தான். இதைக் கடலோர மக்கள் அறிந்துகொள்ளாமல் போனால் என்ன நேரும் என்பதை எங்கள் குடும்பமே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. அதையும் சொல்கிறோம்.

முதலில் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. தாய்மார்கள் சற்று மனம் வைத்தால் அடுக்களையிலேயே இதற்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். உயரமான கண்ணாடிக் குவளை ஒன்றை எடுத்து, பாதி அளவு தண்ணீரில் மூன்று நான்கு கரண்டி உப்பைக் கரைத்து, ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் சேர்த்து நிறம் ஏற்றுங்கள். பிறகு ஒரு கரண்டியைத் தண்ணீரின் மேல் பிடித்து, அதன் முதுகில் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். அவசரப்படக் கூடாது. நிறமேறிய உப்புத் தண்ணீர் கீழேயும், தெளிந்த தண்ணீர் மேலேயுமாகப் பிரிந்து நிற்பதைக் காண்பீர்கள். உப்புத் தண்ணீர் கனமானது. நல்ல தண்ணீர் இலேசானது. உப்புப் போட்ட தண்ணீரில் முட்டை மிதப்பதும் இதே காரணத்தால்தான்.

கடலோர நிலத்தடியிலும் இதுவே நடக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, அங்கே முன்பே இருக்கும் கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. குவளையில் உள்ளதுபோல் அது அசையாமல் நிற்பதும் இல்லை. ஒவ்வொரு மழையும் மேலிருந்து தள்ள, நன்னீர் மெல்ல நகர்ந்து கடற்கரையோரம் கசிந்து வெளியேறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோடு கிழித்தாற்போன்ற எல்லையும் கிடையாது. சற்றே உப்பு, இன்னும் உப்பு, முழு உப்பு என்று படிப்படியாக மாறும் ஒரு பகுதிதான் எல்லையாக இருக்கிறது. கடல் ஏற்றமும் வற்றமும் அந்த எல்லையை நாள்தோறும் சற்று ஆட்டி வைக்கின்றன.

இனி ஒரு சிறு கணக்கு. கணக்கு என்றதும் வானொலியை மூடிவிடாதீர்கள்; நான்காம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான். ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிராம். அப்படியானால் 40 லிட்டர் கடல்நீரின் எடை 41,000 கிராம். 41 லிட்டர் நன்னீரின் எடையும் அதே 41,000 கிராம். தராசின் ஒரு தட்டில் 40 அடி உயரமுள்ள கடல்நீரை வைத்தால், மறுதட்டில் 41 அடி உயரமுள்ள நன்னீரை வைத்தால்தான் சமமாகும். இதில் 40 அடி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும், மிச்சமுள்ள ஒரே ஓர் அடி கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும்.

இதன் பொருள் என்ன? கடலோரக் கிணற்றில் தண்ணீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓர் அடி உயர்ந்திருந்தால், கீழே 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கிறது என்று மதிப்பிடலாம். கேட்பதற்கு மகிழ்ச்சியாக இருக்கிறதல்லவா? ஆனால் அதே கணக்கு மறுபக்கமாகவும் ஓடும். இறைத்து இறைத்து அந்த ஓரடியில் பாதியைக் குறைத்துவிட்டு அப்படியே வைத்திருந்தால், கீழேயிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 20 அடி மேலே ஏறிவிடும். மேலே நாம் எடுப்பது அரையடி. கீழே நாம் இழப்பது இருபது அடி.

இந்த உண்மையை ஆம்ஸ்டர்டாம் நகருக்கருகில் தோண்டவிருந்த ஒரு கிணற்றைப் பற்றி ஆராய்ந்த படோன் ஹைபன் என்ற டச்சுப் படைப் பொறியாளர் 1880களின் இறுதியில் எழுதினார். அவரை அறியாமலேயே ஹெர்ஸ்பர்க் என்ற ஜெர்மானியர் வடகடல் தீவுகளின் கிணறுகளைப் பார்த்து 1901இல் அதே முடிவுக்கு வந்தார். இருவர் பெயராலும் இவ்விதி இன்றும் வழங்குகிறது. எல்லா இடத்துக்கும் இதை அச்சுப் பிசகாமல் பொருத்திவிட முடியாது. மண்ணுக்கடியில் களிமண் அடுக்குகள் குறுக்கிட்டால் கணக்கு மாறும். ஆனாலும் தளர்ந்த மணல் நிலத்தில் ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை உணர்த்த இதைவிட எளிய வழி இல்லை.

நம் நாட்டில் இத்தகைய மணல் நிலம் எங்கே இருக்கிறது? ஊர்ப்பெயர்களே அதைச் சொல்லும். செபராங் பிறையில் பெர்மாத்தாங் பாவ், பெர்மாத்தாங் திங்கி என்று பெயர்கள் வருவதைக் கேட்டிருப்பீர்கள். பெர்மாத்தாங் என்றால் மேடு. அங்குள்ள மேடுகள் பல, முற்காலத்தில் கடற்கரையாக இருந்து, கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல் வரிசைகள். மேட்டில் வீடும் தென்னையும் கிணறும், இரண்டு மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் நெல்வயல், இதுதான் அங்குள்ள பழைய அமைப்பு. மழைநீரைப் பிடித்து வைக்கும் மணல் எது என்பதை அறிந்துதான் முன்னோர் மேட்டில் குடியேறியிருக்க வேண்டும்.

ஆனால் மேற்குக் கரையில் மணல் மேடுகள் அங்கங்கே மட்டும்தான். நம் மக்கள் பால்மரமும் தென்னையும் செம்பனையும் வளர்த்த கடலோரத் தோட்டங்கள் பெரும்பாலும் களிமண்ணில் அமைந்தவை. கேரித் தீவு, கோலா சிலாங்கூர், சபாக் பெர்ணம், பாகான் டத்தோ பக்கங்களில் கரைகட்டி, கடல் ஏறும்போது மூடவும் வற்றும்போது திறக்கவும் தண்ணீர்க் கதவு வைத்து, கண்டல் சதுப்பிலிருந்து மீட்ட நிலங்கள் பல. கடல் சேற்றில் பிறந்த களிமண் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, வெளியேயும் விடாது. அதில் கிணறு தோண்டினால் பல இடங்களில் துருப்பிடித்த நிறமும் உவர்ப்புமாகத்தான் வரும். அங்கே நம் பாட்டன்மார் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துக் குடித்தது ஏழ்மையால் மட்டும் அன்று. காலுக்கடியில் குடிக்கத்தக்க தண்ணீர் இல்லை என்பதை அவர்கள் அனுபவத்தால் கண்டிருந்தார்கள்.

எங்கள் பாட்டி வாழ்ந்த தோட்டம் மணல் மேட்டில் இருந்த தோட்டம். லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு கிணறு. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும், சோறு வடிக்கவும் தேநீர் கலக்கவும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்பார் பாட்டி. குழாய் வறண்ட நாட்களில் அறுபது வீட்டுக்கும் அதுவே துணை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேகமாக இறைத்தால் அதட்டுவார். "அது ஊறட்டும்டா, வாரி வாரி இறைக்காதே, கோவிச்சுக்கும்" என்பார். கிணற்றுக்குக் கோபம் வருமா என்று நாங்கள் சிரிப்போம்.

1998ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எல் நீனோவால் மழை பொய்த்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தோட்டத்தில் அப்போது புதிதாகச் செம்பனை நாற்றங்கால் போட்டிருந்தார்கள். பையில் வளரும் கன்றுகளுக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். வடிகால் வற்றிவிட்டது. நிர்வாகம் கிணற்றில் ஒரு மோட்டாரை இறக்கியது. காலையில் போட்டால் மாலைவரை ஓடும். யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கவும் மாட்டாது.

மூன்றாவது வாரம், பருப்பு வேகவில்லை. கடைக்காரர் பழைய பருப்பைத் தள்ளிவிட்டார் என்று அம்மா சண்டைக்குப் போனார். அடுத்த நாள் வேறு கடைப் பருப்பும் வேகவில்லை. துணி துவைத்தால் சவுக்காரம் நுரைக்கவில்லை. பாட்டி ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் துப்பினார். அதற்கடுத்த வாரம் தேநீரே கரித்தது. மண்டோரிடம் சொன்னார்கள், மண்டோர் கிராணியிடம் சொன்னார். தண்ணீர் போதவில்லை, கிணற்றை ஆழப்படுத்தினால் சரியாகும் என்று முடிவாயிற்று. ஆறடி ஆழப்படுத்தினார்கள். அதன்பிறகு அந்தத் தண்ணீரை மாடும் குடிக்கவில்லை. கன்றுகளின் இலை நுனிகள் கருகின.

இதன் காரணத்தை நாங்கள் அறிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு கிணற்றை வரைந்தார். அதில் குழாயை இறக்கினார். அதற்கு நேர் கீழே, உப்புநீர் ஒரு புற்றுப்போலக் கூம்பாக எழுந்து வந்து குழாயின் வாயைத் தொடுவதாகப் படம் போட்டார். வகுப்பில் கடலோரத் தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது எங்கள் கிணறு.

வாளியால் இறைக்கும்போது இறைப்பவருக்குக் கை வலிக்கும், நிற்பார். இரவெல்லாம் கிணறு ஓய்ந்திருக்கும். சுற்றிலும் உள்ள மணலிலிருந்து நன்னீர் வந்து பள்ளத்தை நிரப்பிவிடும். மோட்டாருக்குக் கை வலிப்பதில்லை. ஒரே இடத்தில் இடைவிடாமல் உறிஞ்சும்போது மேலே மட்டம் குழிகிறது, கீழே உப்பு கூம்பிட்டு எழுகிறது. ஆழப்படுத்தியபோது நாங்கள் அந்தக் கூம்பை நோக்கியே ஆறடி இறங்கிப் போயிருக்கிறோம். சற்று முன் சொன்ன குவளையில் ஓர் உறிஞ்சு குழாயை மேல் தண்ணீரில் வைத்து முதலில் மெல்ல உறிஞ்சுங்கள், பிறகு வேகமாக உறிஞ்சுங்கள். கீழேயுள்ள நிறம் எழுந்து வருவதைப் பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள்.

எவ்வளவு உப்பு கலந்தால் தண்ணீர் கெடும் என்று நினைக்கிறீர்கள்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. குடிநீரில் 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அளவு. கணக்குப் போட்டால், நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும்.

சரி, கண்ணுக்குத் தெரியாத இந்தத் தண்ணீரை எப்படி ஆராய்கிறார்கள்? இதற்கு நாம் மறுபடியும் கிளந்தானுக்குப் போக வேண்டும். நம் நாட்டில் பொதுமக்களின் குழாய்த் தண்ணீருக்கு நிலத்தடி நீரை மிகுதியாக நம்பியிருக்கும் மாநிலம் அதுதான். கோத்தா பாருவைச் சுற்றிலும் கம்போங் பூத்தே, தஞ்சோங் மாஸ் போன்ற இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் உள்ளன. கிளந்தான் ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும், ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையும் அங்கு நிலத்தடி நீரைத் தந்திருக்கின்றன.

நிலத்தடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் மணல் அடுக்கை நீர்த்தாங்கி என்று சொல்கிறோம். அங்கே நீர்த்தாங்கிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. நடுவே களிமண் அடுக்குகள். முதலாவது, ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம் வரை. இரண்டாவது, 20 முதல் 50 மீட்டர் வரை. அதற்கும் கீழே இன்னொன்று. மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட கிளந்தானில் செய்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. கடலுக்கருகில் மேலடுக்குத் தண்ணீர் நன்னீராகவும், இரண்டாம் அடுக்குத் தண்ணீர் உவர்ப்பாகவும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். அந்த உவர்ப்பு, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே வரை நீண்டிருந்தது.

தோண்டாமலேயே இதை அறிய ஒரு முறை உண்டு. நேர்கோட்டில் நான்கு இரும்பு முளைகளைத் தரையில் அடிப்பார்கள். வெளி முளைகள் இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, உள் முளைகள் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளப்பார்கள். உப்புநீர் நிறைந்த மணல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். நன்னீர் மணல் தடுக்கும். முளைகளைத் தூரத் தூரமாக அடிக்க அடிக்க, இன்னும் ஆழத்திலிருக்கும் செய்தி கிடைக்கும். இதிலும் ஓர் ஏமாற்று உண்டு. களிமண்ணும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உப்புநீரா களிமண்ணா என்று கருவிக்குத் தெரியாது. ஆகவே அங்கங்கே துளையிட்டு, மண்ணையும் தண்ணீரையும் எடுத்துச் சோதித்து, இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். தண்ணீர் எடுப்பதற்கல்லாமல், மட்டத்தையும் உப்பையும் பார்த்து எழுதி வைப்பதற்கென்றே கண்காணிப்புக் கிணறுகளும் இருக்கின்றன. கனிமவள, புவி அறிவியல் துறையினர் இவற்றைக் கவனிக்கிறார்கள். ஒருநாள் அளவு பெரிதாக எதையும் சொல்லாது. பத்தாண்டு அளவை வரிசையாக வைத்தால்தான் கடல் வருகிறதா, போகிறதா என்று தெரியும்.

கிளந்தானின் இரண்டாம் அடுக்கு உவர்ப்பில் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. அது நேற்று இன்று புகுந்த கடல்நீர் அன்று, பழங்காலத்திலேயே மண்ணோடு சிக்கிக்கொண்ட கடல்நீர் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். ஐந்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் கரையோரத்தில் கடல் மட்டம் இன்றையதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று நெல்லும் தென்னையும் நிற்கும் நிலம் அன்று கடலடி. கடல் போய்விட்டது, தன் தண்ணீரில் கொஞ்சத்தைக் களிமண்ணுக்கடியில் விட்டுப் போயிருக்கிறது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஏறக்குறைய இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மலாயாவும் சுமத்திராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலமாக இருந்த காலம் அது. அத்தகைய காலங்களில் உலகின் பல கரைகளில் நிலத்துக்குள் இறங்கிய நன்னீர், பிறகு கடல் மூடிய பின்னும் கடலடி மண்ணுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 1976இல் துளையிட்டபோது இது தெரியவந்தது. 2025இல் அனைத்துலக ஆய்வுக் குழு ஒன்று அங்கேயே சென்று, கடலடியிலிருந்து உப்புக் குறைந்த தண்ணீரை எடுத்து ஆராய்ந்தது. கடலுக்கு அடியில் குடிநீர் இருக்கிறதென்று உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் பழைய சேமிப்பு. எடுத்தால் மழை வந்து நிரப்பும் தண்ணீர் அன்று.

இனி, தமிழ் மக்கள் பெரும் விலை கொடுத்துக் கற்ற ஒரு பாடத்தைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அழித்தது. மட்டக்களப்புப் பகுதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல் திட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு. அந்த மணலில் மிதக்கும் மழைநீர்தான் குடிநீர். அலை வந்து கிணறுகளையெல்லாம் கடல்நீரால் நிரப்பிவிட்டுப் போனது. மணல்பரப்பிலும் கடல்நீர் தேங்கி உள்ளே இறங்கியது.

உற்றாரை இழந்து நின்ற மக்களுக்குத் தண்ணீராவது கிடைக்கட்டும் என்று, உதவிக்கு வந்தவர்கள் இயந்திரம் வைத்துக் கிணறுகளை இறைத்தார்கள். சேறும் குப்பையும் போக ஒருமுறை இறைத்தது தேவைதான். ஆனால் உப்புப் போகவில்லையே என்று மறுபடியும் மறுபடியும் இறைத்தபோது, உப்பு குறையவில்லை. சில இடங்களில் கூடியது. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் எங்கள் தோட்டத்து மோட்டார் செய்த அதே வேலையை அந்த இயந்திரங்களும் செய்தன. அங்கு சென்று அளந்த ஆய்வாளர்கள், மேலும் மேலும் இறைக்காதீர்கள், மழைக்கு விடுங்கள் என்று சொன்னார்கள். பருவமழை பெய்யப் பெய்ய உப்பு மெல்லக் கீழே இறங்கியது. ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை லாரித் தண்ணீர்தான்.

எங்கள் பாட்டியின் கிணற்றுக்கும் மழைதான் மருந்தாயிற்று. ஆனால் அதைக் கண்டவர் யாரும் இல்லை. வறட்சி முடிந்ததும் மோட்டாரைக் கழற்றினார்கள். இரண்டு ஆண்டுகளில் தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் சென்றபோது, புதர் மண்டிய இடத்தில் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தோம். கையில் உப்பளக்கும் சிறு கருவி இருந்தது. கயிறு கட்டி ஒரு போத்தலை இறக்கி எடுத்துச் சோதித்தோம். நல்ல தண்ணீர். குடிக்கத்தான் அங்கு ஆளில்லை. பாட்டி 2003இல் பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் காலமானார். கடைசிவரை அந்த வீட்டுத் தேநீர் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

கடலோரத்தில் இன்னும் கிணறு வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில செய்திகள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் தண்ணீர் மட்டத்தை அளந்து, தேதியோடு சுவரில் எழுதி வாருங்கள். பிள்ளைகளே செய்யலாம். மோட்டார் போட்டே ஆக வேண்டுமானால் சிறிதுநேரம் ஓட்டி, நெடுநேரம் ஓய்வு கொடுங்கள். ஆழமான ஒரே கிணற்றைவிட ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் ஆழப்படுத்தச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், நிறுத்திவிடுங்கள். கூரைத் தண்ணீரைக் கானில் ஓடவிடாமல் கிணற்றருகே ஒரு மணல் குழியில் இறக்கினால் அதுவும் உள்ளே போய்ச் சேரும்.

இன்னொன்று. உப்பில்லாத தண்ணீரெல்லாம் தூய தண்ணீர் ஆகிவிடாது. மழையை எளிதில் உள்ளே விடும் மணல், உரத்தையும் களைக்கொல்லியையும் மலக்குழிக் கசிவையும் அதே எளிமையோடு உள்ளே விடும். உரம் கலக்கும் இடத்தையும் மருந்துப் பீப்பாய் கழுவும் இடத்தையும் கிணற்றுக்குத் தூரமாக வையுங்கள். குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். ஆனால் கொதிக்க வைப்பதால் கிருமிதான் சாகும். உரமும் மருந்தும் போகாது. உப்பும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும்.

பாச்சோக்கில் கேள்வி கேட்ட மாணவன் இப்போது எங்கள் பள்ளியின் பழைய கிணற்றுக்குப் பொறுப்பாளன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சபை கூடுவதற்கு முன் முடிச்சுக் கயிற்றை இறக்கி அளந்து, பலகையில் எழுதுகிறான். சென்ற மாதம் மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அதற்குக் கீழே எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை அவன் நாற்பதால் பெருக்கி எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தான்.

உங்கள் தோட்டத்தில் முன்பு எங்கெங்கே கிணறு இருந்தது, எது இனித்தது, எது எந்த ஆண்டில் கரித்தது என்று பெரியவர்களைக் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். அடுத்த உரையில் அக்கடிதங்களிலிருந்து சிலவற்றைப் படிப்போம்.